இருபதரை கிராம் பொட்டலத்தின் கதை

மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். என்று கேட்டால் ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பார்கள். அதன் பின்பக்கத்தை என்றாவது திருப்பிப் படித்ததுண்டா? உலக சுகாதார நிறுவனம் 2002-இல் வகுத்த கணக்குப்படி அதில் இருக்க வேண்டியவை இவை: குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். கூட்டிப் பார்த்தால் 20.5 கிராம். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்!

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது, பாட்டி வைத்தியம் மாதிரியல்லவா இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் இந்தப் பொட்டலத்துக்குப் பின்னால் உயிர்வேதியியல், மருத்துவம், சமூகவியல், பொருளியல் என்று அத்தனை துறைகளும் வரிசையாக நிற்கின்றன. 1978-இல் லான்செட் மருத்துவ இதழ் தன் தலையங்கத்தில் இதை அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாகக் கூட இது அமையலாம் என்ற பொருளில் எழுதியது. பென்சிலின் கண்டுபிடித்த நூற்றாண்டு அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். காலரா வந்த ஒருவர் ஒரே நாளில் பத்து லிட்டருக்கு மேல் நீரை இழக்கக் கூடும். கண் குழி விழும், தோல் சுருங்கும், நாடி மெலியும், சில மணி நேரத்தில் ஆள் போய்விடுவார். நம் ஊர்களில் வாந்திபேதி என்று சொல்லி நடுங்கியது இதைக் கண்டுதான். 1817-க்குப் பிறகு வங்காளத்திலிருந்து கிளம்பி உலகத்தையே சுற்றி வந்த நோய்.

1831-இல் அது இங்கிலாந்தை எட்டியது. அப்போது ஓஷானெஸி என்ற 22 வயது அயர்லாந்து மருத்துவர் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, அதில் தண்ணீரும் உப்புகளும் வெகுவாகக் குறைந்திருப்பதாக எழுதினார். இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால் என்ன என்பது அவருடைய யோசனை. (இதே ஓஷானெஸிதான் பிற்பாடு கல்கத்தாவுக்கு வந்து இந்தியாவுக்குத் தந்தி முறையைக் கொண்டு வந்தவர். சிலருக்கு ஒரு வாழ்க்கை போதுவதில்லை.) அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தின் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் அந்த யோசனையைச் செய்து பார்த்தார். சாகும் தறுவாயில் இருந்த ஒரு வயதான பெண்ணின் ரத்தக்குழாயில் உப்புத் தண்ணீரை ஏற்றினார். குழி விழுந்த கண்கள் தெளிந்தன, முகம் களை பெற்றது, உடம்பில் சூடு வந்தது. இனிப் பிழைத்துக்கொள்வார் என்று மருத்துவர் வேறு வேலையாகப் போனார். பேதி மறுபடி ஆரம்பித்தது. சில மணி நேரத்தில் அந்தப் பெண் இறந்து போனார்.

இந்தச் சம்பவத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து தவறில்லை, நிறுத்தியதுதான் தவறு. வெளியே போகிற அளவுக்கு உள்ளேயும் வந்துகொண்டே இருக்க வேண்டும். வரவு-செலவுக் கணக்கு மாதிரிதான். இந்த எளிய கணக்கு மறுபடி சரியாகப் புரிய 136 ஆண்டுகள் ஆயின.

இருபதாம் நூற்றாண்டில் ரத்தக்குழாய் வழியாக உப்பு நீர் ஏற்றும் முறை தேறியது. கல்கத்தாவில் லியனார்ட் ராஜர்ஸ் அதைச் செம்மைப்படுத்தி இறப்பைப் பெருமளவு குறைத்தார். இன்று கிராமத்தில் கூட "குளுக்கோஸ் ஏத்தினாத்தான் சரியாகும்" என்று சொல்கிறார்களே, அந்த நம்பிக்கைக்கு இப்படி ஒரு நியாயமான வரலாறு உண்டு. சிக்கல் என்னவென்றால் பாட்டில் வேண்டும், கிருமியில்லாத நீர் வேண்டும், ஊசி வேண்டும், ஏற்றத் தெரிந்த ஆள் வேண்டும். காலரா வரும் இடங்களில் இந்த நான்கும் ஒன்றாகக் கிடைப்பதில்லை.

வாய் வழியாகவே கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. வெறும் உப்புத் தண்ணீர் குடித்தால் குடலில் தங்காது, வந்த வழியே பேதியாகப் போய்விடும். அதனால் காலராவில் குடலின் உட்தோலே உரிந்துவிடுகிறது, எதையும் உறிஞ்சும் சக்தி அதற்கில்லை என்று பல தலைமுறை மருத்துவர்கள் நம்பினார்கள். பேதியாகிறவனுக்கு வயிற்றைக் காயப்போட வேண்டும் என்ற எண்ணமும் இதனோடு ஒட்டிக்கொண்டது.

இதற்கு மாறாக 1953-இல் கல்கத்தாவைச் சேர்ந்த ஹேமேந்திரநாத் சட்டர்ஜி லான்செட்டில் ஒரு கட்டுரை எழுதினார். காலரா நோயாளிகள் 186 பேருக்கு வாந்தியை நிறுத்த மருந்து கொடுத்து, உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய் வழியாகவே கொடுத்துக் காப்பாற்றியிருந்தார். கூடவே ஒரு இலைச்சாறு. அது வேறெதுவுமில்லை, நம் வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவல்லிதான்! ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நோயாளிக் குழு இல்லை, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்ற அளவும் இல்லை. மேற்கத்திய ஆய்வாளர்கள் கண்டுகொள்ளவில்லை. ஏன் வேலை செய்கிறது என்று சொல்ல முடியாத வைத்தியத்துக்கு அன்றும் மதிப்பில்லை, இன்றும் மதிப்பில்லை. அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பதினைந்து ஆண்டுகளில் போன உயிர்களை நினைத்தால் நியாயம் என்ற சொல் கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது.

அந்த "ஏன்" என்ற கேள்விக்கு விடை வெவ்வேறு ஊர்களிலிருந்து, ஒருவரையொருவர் கலந்து பேசாமலே வந்தது. 1959-இல் கல்கத்தாவின் சம்புநாத் டே, காலரா கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்றும், அந்த நஞ்சுதான் குடலிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது என்றும் முயலின் குடலை வைத்து நிரூபித்தார். நோபல் பரிசு வாங்கிய ஜோஷுவா லெடர்பெர்க் இவரை நோபலுக்குப் பரிந்துரைத்தார். கிடைக்கவில்லை. 1985-இல் டே காலமானபோது அவர் யாரென்று சொந்த நாட்டிலேயே பலருக்குத் தெரியாது. அதே காலகட்டத்தில் யூஜின் கங்கரோசா என்ற அமெரிக்கர் பாங்காக்கில் காலரா நோயாளிகளின் குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார். உட்தோல் உரியவே இல்லை, முழுசாக இருந்தது. அத்தனை காலப் பாடப்புத்தகமும் பிழை.

1960 ஆகஸ்டில் பிராக் நகரக் கருத்தரங்கில் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் இன்னொரு துண்டைக் கொண்டு வந்தார். குடலின் செல்களில் ஒரு வாசல் இருக்கிறது. சோடியம் தனியாக வந்தாலும் அது திறக்காது, குளுக்கோஸ் தனியாக வந்தாலும் திறக்காது. இரண்டும் ஜோடியாக வந்தால்தான் உள்ளே விடும். இந்த ஜோடி உள்ளே போகும்போது பின்னாலேயே தண்ணீரும் போகிறது. காலரா நஞ்சு வேறொரு வழியில் நீரை வெளியே இறைக்கிறதே தவிர, இந்த வாசலைத் தொடுவதில்லை. உப்பு மட்டும் கொடுத்தால் ஏன் பலிக்கவில்லை, சர்க்கரை சேர்ந்ததும் ஏன் பலிக்கிறது என்பதற்கு விடை இதுதான். சர்க்கரை தெம்புக்காகச் சேர்க்கப்படுவதாகவே பலரும் நினைக்கிறோம். அது உண்மையில் தண்ணீரை உள்ளே அழைத்துப்போகும் சாவி.

கிரேன் காலராவைப் பற்றி யோசித்தவரல்ல. காலரா மருத்துவர்களில் பலர் கிரேனைப் படித்தவர்களுமல்ல. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ் 1962 வாக்கில் பிலிப்பைன்ஸில் குளுக்கோஸ் கலந்த உப்பு நீரைக் கொடுத்துப் பார்த்தார். முதலில் நல்ல பலன். பிறகு செறிவான ஒரு கலவையை 30 பேரிடம் சோதித்தபோது ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். விகிதம் தப்பினால் இதே உப்பும் சர்க்கரையும் உடம்பிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். அந்த அடியிலிருந்து பிலிப்ஸ் மீளவில்லை. வாய்வழிக் கரைசல் என்றாலே தயங்க ஆரம்பித்தார். வேடிக்கை என்னவென்றால், சில ஆண்டுகளில் டாக்காவின் காலரா ஆராய்ச்சிக் கூடத்துக்கு இயக்குநராக வந்தவரும் அவரேதான்.

அங்கே அவருக்குக் கீழே டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்று இரண்டு இளம் அமெரிக்க மருத்துவர்கள். இருவருக்கும் 26, 27 வயது இருக்கும். முந்தைய முயற்சிகள் ஏன் தோற்றன என்று பார்த்த நாலினுக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. கரைசல் சரிதான், அளவுதான் போதவில்லை. நோயாளி எவ்வளவு இழக்கிறார் என்று அளந்து, அதே அளவு குடிக்க வைக்க வேண்டும். லாட்டாவின் அந்தப் பழைய கணக்கு! 1968-இல் 29 நோயாளிகளை வைத்துச் சோதித்து, ஆகஸ்டில் லான்செட்டில் வெளியிட்டார்கள். கரைசல் குடித்தவர்களுக்கு ரத்தக்குழாய் வழி நீரின் தேவை 80 சதவீதம் வரை குறைந்திருந்தது. கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மையத்திலும் இதே சமயத்தில் இதே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

அறிவியல் முடிந்தது, சோதனையும் முடிந்தது. அப்படியானால் உலகமே இதைக் குடிக்க ஆரம்பித்திருக்க வேண்டுமல்லவா? இல்லை. ஆஸ்பத்திரியில், பயிற்சி பெற்ற ஆட்கள் அளந்து அளந்து கொடுத்தால் சரி, சாதாரண ஜனங்கள் கையில் கொடுத்தால் விபரீதமாகிவிடும் என்றார்கள் பெரியவர்கள். அந்தச் சந்தேகத்தை ஒரு யுத்தம் வந்துதான் உடைத்தது.

1971-இல் வங்கதேச விடுதலைப் போர். ஏறத்தாழ ஒரு கோடி பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார்கள். மழைக்காலம், நெரிசலான முகாம்கள், குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. காலரா வந்தது. எல்லையோர ஊரான பங்காவுன் மருத்துவமனையில் காலராவுக்கென இருந்தவை இரண்டு அறைகள், 16 கட்டில்கள். ஜூன் கடைசியில் திலீப் மகலனோபிஸ் என்ற குழந்தைநல மருத்துவர் கல்கத்தாவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தார். தரை முழுக்க நோயாளிகள். அந்தக் கழிவின் மேலேயே மண்டியிட்டு உட்கார்ந்துதான் ஊசி போட வேண்டியிருந்தது என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் நினைவு கூர்ந்தார். அவருடைய குழுவில் ரத்தக்குழாயில் நீர் ஏற்றப் பயிற்சி பெற்றவர்கள் இரண்டே பேர். கையிருப்பில் இருந்த பாட்டில்களும் தீர்ந்துகொண்டிருந்தன.

இந்த நிலையில் அவர் எடுத்த முடிவு இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரியும். அன்று அது பெரிய துணிச்சல். கல்கத்தாவில் அவர்களுடைய மையத்தின் நூலக அறையைப் பொட்டலம் கட்டும் கூடமாக மாற்றினார்கள். லிட்டருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம் என்று கடையில் வாங்கிய பொருள்களை நிறுத்துப் பைகளில் அடைத்து முகாமுக்கு அனுப்பினார்கள். முகாமில் குழாய் வைத்த பெரிய டிரம்களில் அதைக் கரைத்து வைத்தார்கள். நோயாளிகளின் உறவினர்கள், அதாவது அம்மா, தங்கை, கணவன் என்று யார் இருந்தார்களோ அவர்களே, குவளையைக் கொண்டுவந்து பிடித்துப்போய்க் கொடுத்தார்கள். ஜனங்களுக்கு "சலைன்" என்ற சொல் பழக்கம். அதனால் "வாயால் குடிக்கிற சலைன்" என்று பெயர் வைத்தார்கள். நல்ல விற்பனை உத்தி என்றுதான் சொல்ல வேண்டும். புதுச் சரக்குக்கு ஜனங்களுக்குத் தெரிந்த பெயர்!

எட்டு வாரங்களில் 3,700-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை. முன்பு நூற்றுக்கு 30 பேர் வரை இறந்த இடத்தில், கரைசல் வந்த பிறகு அவர்கள் பார்த்த நோயாளிகளில் இறந்தவர்கள் 3.6 சதவீதம். செலவு எவ்வளவு தெரியுமா? லிட்டருக்கு 11 பைசா.

கட்டுப்படுத்தப்பட்ட சோதனை அல்ல என்ற குறை இதற்கும் உண்டு. செத்துக்கொண்டிருக்கும் முகாமில் பாதிப் பேருக்குக் கொடுத்து மீதிப் பேருக்குக் கொடுக்காமல் ஒப்பிட எந்த மனிதனுக்கு மனம் வரும்? கட்டுரை 1973-இல்தான் அச்சேறியது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த திமான் பருவா முகாமுக்கே வந்து பார்த்தவர். அவர் மூலமாகச் செய்தி ஜெனீவா போயிற்று, 1978-இல் அந்த நிறுவனம் வயிற்றுப்போக்குக் கட்டுப்பாட்டுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. மகலனோபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். பத்ம விபூஷண் அறிவிப்பு வந்தது 2023 ஜனவரியில்! நம் நாட்டில் விருதுகளின் கால அட்டவணை அப்படி.

சரி, ஆஸ்பத்திரிக்கு வெளியிலும் இது பலிக்கும் என்று தெரிந்தாயிற்று. ஆனால் முகாமில் ஒரு மருத்துவர் இருந்தார், டிரம்மில் யாரோ அளந்து கலக்கினார்கள். ஆற்றுக்கு நடுவே தீவு மாதிரி கிடக்கும் ஒரு கிராமத்தில், எழுதப்படிக்கத் தெரியாத ஒரு தாய், ராத்திரி இரண்டு மணிக்குத் தன் குழந்தைக்கு இதைத் தானே கலந்து கொடுப்பாளா? இந்தக் கேள்விக்கு நுண்ணோக்கியில் விடை கிடையாது.

விடை தேடியவர் ஒரு கணக்காளர். ஃபஸ்லே ஹசன் அபேத் லண்டனில் அடக்கவிலைக் கணக்கியல் படித்தவர், ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பெரிய வேலையில் இருந்தவர். போருக்குப் பிறகு 1972-இல் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தை வங்கதேசத்தில் தொடங்கினார். (மேலே வந்த பிராக் நகருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெயர் ஒற்றுமைதான்.) நாடு முழுக்கப் பொட்டலம் விநியோகிக்கப் பணமில்லை, சாலையில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் உப்பும் வெல்லமும் உண்டு. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். இதற்கு லொபொன்-குர் என்று பெயர். லொபொன் என்பது நம் லவணம்தான், குர் என்றால் வெல்லம். அளவுக் கரண்டி தேவையில்லை, கைதான் அளவு.

1979-இல் சுல்லா பகுதியில் ஒத்திகை, 1980-லிருந்து நாடு முழுவதும். பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு தாய்க்கும் நினைவில் வைக்க வேண்டிய பத்து விஷயங்களைச் சொல்லிக் கொடுத்து, அவள் கையாலேயே கலக்க வைத்துக் காட்டச் சொன்னார்கள். கணக்காளரின் மூளை வேலை செய்தது சம்பள விஷயத்தில். எத்தனை வீடு போனாய் என்று எண்ணிச் சம்பளம் கொடுத்தால் ஓடிக்கொண்டே ஒப்பித்துவிட்டு வருவார்கள். மாதச் சம்பளம் கொடுத்தால் வேகம் இருக்காது. ஆகவே சில வாரம் கழித்து வேறொருவர் போய், கற்ற தாய்மாரில் பத்தில் ஒருவரைக் குலுக்கல் முறையில் எடுத்துச் சோதித்தார். எத்தனை விஷயம் நினைவிருக்கிறது, கலக்கிய கரைசலில் உப்பு சரியா என்று பார்த்து தரம் போட்டார்கள். முதல் தரமென்றால் கற்றுக் கொடுத்தவருக்கு 4 டாக்கா, அடுத்ததற்கு 2, அதற்கடுத்ததற்கு 1, கடைசித் தரமென்றால் ஒன்றுமில்லை. கரைசல் மாதிரிகள் ஆய்வுக்கூடத்துக்கும் போயின. வணிகவியல் வகுப்பில் ஊக்கத்தொகை பற்றிச் சொல்லும்போது தொழிற்சாலையைத்தான் உதாரணம் காட்டுவார்கள். இதைக் காட்டலாம். ஆசிரியரின் சம்பளம் மாணவியின் நினைவில் இருக்கிறது!

திட்டம் கச்சிதம். தாய்மார்கள் பத்தையும் ஒப்பித்தார்கள், கரைசலும் சரியாக இருந்தது. பிறகுதான் யாரோ கேட்டார்கள்: உண்மையில் குழந்தைக்குப் பேதியானபோது எத்தனை பேர் கொடுத்தார்கள்? ஆரம்பத்தில் கிடைத்த விடை வெறும் 6 சதவீதம் என்று அபேத் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தெரிந்திருக்கிறது, செய்யவில்லை. ஏன் என்று தோண்டினால் ஒரு சங்கடமான உண்மை வெளிவந்தது. கற்றுக் கொடுத்த பணியாளர்களுக்கே அதில் நம்பிக்கையில்லை. தங்களுக்குப் பேதி வந்தபோது அவர்கள் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார்கள்! அவர்களை டாக்காவுக்கு அழைத்துப்போய் உடம்பில் நீர் எப்படி ஓடுகிறது, கரைசல் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார்கள். பயன்பாடு ஏறியது, ஆனால் போதவில்லை. அடுத்து ஆண்களைப் போய்ப் பார்த்தார்கள். எங்களிடம் யாருமே சொல்லவில்லையே என்று கோபம் அவர்களுக்கு. வீட்டில் எந்த மருந்து வாங்குவது என்று முடிவு செய்கிறவன் கணவன், அவனை விட்டுவிட்டு மனைவிக்கு மட்டும் பாடம் நடத்தியிருக்கிறார்கள். பிறகு சந்தை, மசூதி, பள்ளிக்கூடம் என்று ஆண்கள் கூடும் இடங்களுக்கும் போனார்கள். 1990-இல் திட்டம் முடிந்தபோது 1 கோடியே 20 லட்சம் வீடுகளைத் தொட்டிருந்தது. வயிற்றுப்போக்குக்குக் கரைசல் கொடுப்பதில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்றாக வங்கதேசம் இன்று இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இதற்கிடையில் ஆய்வுக்கூடமும் சும்மா இருக்கவில்லை. கிரேன் ஊகித்த அந்த ஜோடி வாசலின் மரபணுவை 1987-இல் எர்னஸ்ட் ரைட் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். அந்த வாசலின் தம்பி ஒன்று சிறுநீரகத்தில் இருக்கிறது. அதை அடைத்து வைத்து, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிற நீரிழிவு மருந்துகள் இப்போது பரவலாக இருக்கின்றன. பேதிக்குச் செய்த ஆராய்ச்சியும் நீரிழிவு மருந்தும் ஒரே குடும்பத்தில் வந்து முடியும் என்று 1960-இல் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். 2002-இல் உப்பையும் குளுக்கோஸையும் குறைத்துப் பொட்டலத்தின் அளவு மாற்றப்பட்டது. வாந்தியும், ஊசி வழி நீர் ஏற்றும் தேவையும் இந்தப் புது அளவில் குறைந்தன.

1980-களின் தொடக்கத்தில், வயிற்றுப்போக்கால் ஆண்டுக்கு 46 லட்சம் சிறு குழந்தைகள் இறப்பதாக ஒரு மதிப்பீடு சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் அண்மைக் கணக்கில் அது ஏறத்தாழ 4 லட்சத்து 44 ஆயிரம். சுத்தமான குடிநீர், தடுப்பூசி, சத்துணவு எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. மொத்தப் பெருமையையும் பொட்டலத்துக்கே கொடுப்பது மிகை. ஆனால் இன்னும் நான்கு லட்சத்துக்கு மேல் என்பது மறுபக்கம். இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். கொடுக்கப்பட்டவர்கள் 60.6 சதவீதம். மீதிப் பேருக்கு ஏன் இல்லை? விலை குறைவு, எங்கும் கிடைக்கும், மருத்துவர்களுக்கெல்லாம் தெரியும். பிறகென்ன?

சந்தேகப்பட ஆட்கள் பலர் உண்டு. காப்புரிமை இல்லாத, லாபம் சொற்பமான சரக்கு இது. இதற்காக எந்த மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியும் வெயிலில் பைக்கில் அலைய மாட்டார். ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் போட்டுக்கொண்டு, சர்க்கரை மிகுந்த பானங்களை விற்ற கதையும் நடந்தது. ஹைதராபாதைச் சேர்ந்த ஒரு குழந்தைநல மருத்துவர் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆகவே லாபம்தான் குற்றவாளி என்று வணிகவியல் படித்த யாரும் உடனே தீர்ப்பெழுதிவிடுவார்கள்.

2024 பிப்ரவரியில் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்கிறது. சக்கரி வாக்னர், மனோஜ் மோகனன், நீரஜ் சூத் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 நடுத்தர ஊர்களில் 2,282 தனியார் மருத்துவர்களிடம் ஒரு நாடகம் நடத்தினார்கள். பயிற்சி பெற்ற நடிகர்கள் அப்பாக்களாகப் போனார்கள். "ரெண்டு வயசுப் பிள்ளைக்குப் பேதி, வீட்டில் இருக்கிறது, என்ன கொடுக்கலாம்?" என்று கேட்டார்கள். சில அப்பாக்கள் எதுவும் வேண்டும் என்று சொல்லவில்லை. சிலர் போன தடவை இது கொடுத்தோம் என்று போனில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் படத்தைக் காட்டினார்கள். சிலர் ஆன்டிபயாடிக் படத்தைக் காட்டினார்கள். வேறு சிலர் மருந்தை இங்கே வாங்க மாட்டோம், வேறு கடையில் வாங்கிக்கொள்வோம் என்று சொல்லி மருத்துவரின் லாபத்தைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இன்னொரு பக்கம், பாதி மருத்துவர்களுக்கு முன்கூட்டியே பொட்டலங்களை இலவசமாகக் கொடுத்து, இருப்பில் இல்லை என்ற காரணத்தையும் நீக்கினார்கள். சந்தேகப்பட்ட ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்கிற ஏற்பாடு.

பொட்டலம் இருப்பில் இல்லாதது, எழுதிக் கொடுக்காததற்கு 6 சதவீதமே காரணம். லாப நோக்கு 5 சதவீதம். நோயாளிக்கு இது வேண்டாம், வேறு மருந்தைத்தான் எதிர்பார்க்கிறார் என்று மருத்துவர் தானாகவே நினைத்துக்கொள்வது 42 சதவீதம்! படத்தைக் காட்டிய அப்பாக்களுக்கு ஓ.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்தது, எதையும் காட்டாதவர்களைவிட 27 சதவீதப் புள்ளிகள் அதிகம். டாக்டர் பெரிதாக ஏதாவது தருவார் என்று பெற்றோர் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். உப்பு-சர்க்கரைத் தண்ணீரைச் சொன்னால் நம்மை டாக்டராகவே மதிக்க மாட்டார்கள் என்று டாக்டர் வேறெதையோ எழுதுகிறார். மேசையின் இரு பக்கமும் இருப்பவர்களுக்குப் பொட்டலத்தைப் பற்றித் தெரியும். அடுத்தவருக்கும் தெரியும் என்பதுதான் தெரியாது. இந்த எண்ணத்தை மாற்ற மருத்துவரிடம் பேசுவதா, காத்திருக்கும் பெற்றோரிடம் பேசுவதா, எது பலிக்கும் என்பதே அந்த ஆய்வு அடுத்து வருகிறவர்களுக்கு விட்டுவைத்திருக்கும் கேள்வி.